அந்த @ குறியை எங்கே போடலாம்?

அன்புள்ள வாசகருக்கு,

மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் நிரல் பலர் கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. அதை பிஎச்பி 7.4-லிருந்து 8.3-க்கு மாற்றியிருக்கிறீர்கள். மாற்றிய அன்றே லாக் ஃபைல் நிரம்பத் தொடங்கிவிட்டது. 'அன்டிஃபைன்டு வேரியபிள்', 'அன்டிஃபைன்டு அர்ரே கீ' என்று பக்கம் பக்கமாக வார்னிங். "முதல் வரியிலேயே எரர் ரிப்போர்ட்டிங்கைப் பூஜ்யமாக்கு, அதற்கும் அடங்காத இடத்தில் @ போடு, வேலை முடிந்தது" என்று உங்கள் சீனியர் சொல்கிறார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவருக்கு விளக்கவும் வரவில்லை. உங்கள் கடிதத்தின் சாரம் இதுதான். இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறு பலரும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்னிங்கை அடக்குவதே பாவம் என்று நான் நினைப்பதில்லை. பதில் சொல்லாமல் அடக்குவதைத்தான் எதிர்க்கிறேன். "நீ கேட்டது கிடைக்கவில்லை, இனி என்ன செய்யப்போகிறாய்?" என்று ஒவ்வொரு வார்னிங்கும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை அடுத்த வரியிலேயே இருந்தால் தாராளமாக @ போடுங்கள். விடை இல்லாத இடத்தில் போட்டால், கேள்வியைக் கேட்ட ஒரே ஆளையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

நீங்கள் அனுப்பியிருந்த நாலு வரியையே பார்ப்போம். விலைப்பட்டியல் ஒரு ஜேசன் ஃபைலில் இருக்கிறது. முதல் வரி 'ஃபைல் கெட் கன்டென்ட்ஸ்' ஃபங்ஷனை வைத்து அதைப் படிக்கிறது. முன்னால் ஒரு @. இரண்டாம் வரி 'ஜேசன் டீகோட்'. மூன்றாம் வரி, கிடைத்த அர்ரேயிலிருந்து பொருளின் விலையை எடுக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு @. நாலாம் வரி விலையை மூட்டை எண்ணிக்கையால் பெருக்கி பில்லில் போடுகிறது.

ஃபைல் அதனிடத்தில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. என்றைக்கோ ஒருநாள் யாரோ அந்த ஃபோல்டரை மாற்றுகிறார்கள், அல்லது அதைப் படிக்கும் பெர்மிஷன் சர்வருக்கு இல்லாமல் போகிறது. முதல் வரி 'ஃபால்ஸ்' என்று திருப்பித் தருகிறது. கூடவே வந்திருக்க வேண்டிய வார்னிங்கை @ விழுங்கிவிட்டது. அந்த 'ஃபால்ஸ்' ஜேசன் டீகோடுக்குள் நுழைகிறது. ஃபங்ஷன் சரத்தை எதிர்பார்ப்பதால் பிஎச்பி அதை ஓசையில்லாமல் வெற்றுச் சரமாக மாற்றிக்கொள்கிறது. வெற்றுச் சரம் முறையான ஜேசன் ஆகாது, எனவே 'நல்' என்கிற மதிப்பற்ற மதிப்பு திரும்பி வருகிறது. இங்கே வார்னிங் என்று எதுவுமே கிடையாது. கடைசி ஜேசன் பிழை என்ன என்று நீங்களாகக் கேட்டால்தான் சொல்லும். அந்த 'நல்'லுக்குள் போய் விலையைத் தேடினால், 7.4-க்கு முந்தைய பிஎச்பி வாயே திறக்காது. 7.4 ஒரு நோட்டீஸ் தரும், 8 வார்னிங் தரும். அதையும் இரண்டாவது @ மூடிவிட்டது. விலை இப்போது 'நல்'. நாலாம் வரியில் 'நல்'லைப் பன்னிரண்டால் பெருக்கினால் பூஜ்யம். பிஎச்பிக்கு அது சரியான கணக்கு, முணுமுணுப்புகூட வராது. பில் அச்சாகிறது. பன்னிரண்டு மூட்டை, தொகை பூஜ்யம்.

நாலு வரியில் இரண்டே இடத்தில்தான் மொழி பேச முயன்றது. இரண்டு வாயையும் அடைத்திருக்கிறோம். சைட் விழுந்திருந்தால் பத்து நிமிடத்தில் கடையிலிருந்து போன் வந்திருக்கும். விழாமல் தப்பான பில் போட்டால், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர் கண்ணில் பட்டால் உண்டு. அதற்குள் சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும். நின்றுபோகும் நிரலைவிடத் தப்பாக ஓடும் நிரலுக்கு நான் அதிகம் பயப்படுவது இதனால்தான்.

பிஎச்பி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது பிறந்த வேளை அப்படி. ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூனில் வெளியிட்டபோது அதன் பெயர் 'பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. தன் சொந்த இணையப் பக்கத்துக்காக அவர் சி மொழியில் எழுதிவைத்திருந்த சிறு கருவிகளின் தொகுப்பு. அப்படிப்பட்ட பக்கத்தில் ஒரு மூலையில் ஏதோ கிடைக்காமல் போனால், மொத்தப் பக்கத்தையும் நிறுத்துவது நியாயமில்லை. சொல்லிவிட்டு மேலே போ என்பதுதான் பொருத்தமான குணம். ஃபங்ஷன் தோற்றால் 'ஃபால்ஸ்' தரும், ஒரு வார்னிங் போடும், அடுத்த வரிக்குப் போகும். வாசகர் வருகையை எண்ணும் ஒரு பக்கத்துக்கு இது சரி. பிறகு அதே மொழியில் கடை வந்தது, பில் வந்தது, பணம் வந்தது. குணம் மட்டும் பழையபடியே இருந்தது.

2004-ல் வந்த பிஎச்பி 5 டிரை–கேட்ச் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. அவற்றை மாற்றினால் உலகத்தில் பாதி சைட் நின்றிருக்கும். ஆக ஒரே மொழிக்குள் இரண்டு நடைமுறை: தோற்றால் எக்ஸெப்ஷன் எறிகிறவை ஒருபுறம், தோற்றால் 'ஃபால்ஸ்' தந்துவிட்டு முணுமுணுக்கிறவை மறுபுறம். புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, நிரலை அப்படியே சாகடித்த பல ஃபேட்டல் பிழைகளைப் பிடிக்கக்கூடிய 'எரர்' என்ற வகையாக்கியது. 7.3-ல் ஜேசன் டீகோடுக்கு, தோற்றால் எக்ஸெப்ஷன் எறி என்று சொல்லும் வசதி வந்தது. உங்கள் இரண்டாம் வரிக்கு அதைத்தான் சேர்க்க வேண்டும்.

2020 நவம்பரில் வந்த 8 பெரிய திருப்பம். டிக்ளேர் செய்யாத வேரியபிளைத் தொட்டால் முன்பு வெறும் நோட்டீஸ், இப்போது வார்னிங். இல்லாத அர்ரே கீயும் அப்படியே. பூஜ்யத்தால் வகுத்தால் முன்பு வார்னிங், இப்போது எக்ஸெப்ஷன். டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ அதுவரை, குவெரி தோற்றாலும் நீங்களாகக் கேட்காதவரை மௌனமாக இருந்தது. 8-ல் எக்ஸெப்ஷன் எறிவதே இயல்பாயிற்று. 8.1-ல் மைஎஸ்கியூஎல்ஐ-யும் அதே வழிக்கு வந்தது.

உங்களுக்கு நேரடியாக வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. கான்ஃபிகரேஷனில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, 8-க்கு முந்தைய பிஎச்பி நோட்டீஸ்களைக் காட்டாது. 8 முதல் எல்லாவற்றையும் காட்டும். அதாவது இன்று உங்கள் லாக்கில் கொட்டுவதில் பெரும்பகுதி 8.3 உண்டாக்கிய பிழைகள் இல்லை. அவை எப்போதுமே அங்கே இருந்தவை. ஒரு படி உயர்த்தி உங்கள் கண்ணுக்குக் காட்டியிருக்கிறார்கள். சீனியரிடம் பேசும்போது இதிலிருந்து தொடங்குங்கள். "புது வெர்ஷன் தொல்லை தருகிறது" என்ற எண்ணத்தில் அவர் இருக்கும்வரை, மூடி வைப்பதுதான் அவருக்கு நியாயமாகத் தோன்றும்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் திரையில் வார்னிங் தெரியக்கூடாது. தெரிந்தால் சர்வரில் எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் இருக்கிறது என்பதை ஊருக்கே சொன்னதாகும். போதாததற்கு, பக்கத்தின் உடலில் ஒரு வரி வார்னிங் முந்திக்கொண்டு வந்துவிட்டால், அதன் பிறகு குக்கி வைக்கவோ வேறு பக்கத்துக்குத் திருப்பவோ போகும்போது 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று புதுச் சண்டை கிளம்பும். அவர் அந்தச் சண்டையைப் பல வருடம் பார்த்திருப்பார். ஆனால் அதற்கான மருந்து வேறு. 'டிஸ்ப்ளே எரர்ஸ்' என்ற அமைப்பு திரையில் காட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. 'லாக் எரர்ஸ்' ஃபைலில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிறது. 'எரர் ரிப்போர்ட்டிங்' எதையெல்லாம் பிழையாகக் கணக்கில் எடுப்பது என்பதையே தீர்மானிக்கிறது. லைவ் சர்வரில் முதலாவதை அணையுங்கள், இரண்டாவதை ஏற்றுங்கள், மூன்றாவதை முழு அளவில் விடுங்கள். அவர் மூன்றாவதைப் பூஜ்யமாக்கச் சொல்கிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது முதலாவது. பிஎச்பியோடு வரும் புரொடக்‌ஷன் கான்ஃபிகரேஷன் மாதிரியும் இப்படித்தான் இருக்கிறது: திரையில் காட்டாதே, லாக்கில் எழுது.

இனி @. நிரலை ஓட்டும் எஞ்சின் @ போட்ட கோவையைத் தொடும் முன்பு எரர் ரிப்போர்ட்டிங்கின் அளவைக் குறைக்கிறது, அந்தக் கோவை முடிந்ததும் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் எல்லாமே மௌனம். ஒரு ஃபங்ஷனுக்கு முன்னால் @ போட்டால், அந்த ஃபங்ஷன் கூப்பிடும் ஃபங்ஷனும், அது கூப்பிடுவதும் சேர்ந்தே அடங்கும். 'இன்குளூட்' வரிக்கு முன்னால் போட்டால் உள்ளே வரும் ஃபைல் முழுக்க, அது ஓடி முடியும்வரை அடங்கும். ஃபைல் இல்லாவிட்டால் பரவாயில்லை என்ற ஒரே எண்ணத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஃபைலுக்குள் ஃபேட்டல் எரர் இருந்தால், பழைய பிஎச்பியில் கிடைப்பது வெறும் வெள்ளைப் பக்கம். லாக்கிலும் ஒரு வார்த்தை இருக்காது. அந்த வெள்ளைப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து இரவைக் கழித்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். பிஎச்பி 8 இதைத் திருத்தியது. இப்போது @ ஃபேட்டல் எரரை மறைக்காது. ஆனால் உங்கள் சீனியர் சொன்ன முதல் வரிப் பூஜ்யம் இன்றும் மறைக்கும். அந்த வகையில் அவர் சொன்ன இரண்டு வழிகளில் அது மோசமானது.

இதில் இன்னொரு சிக்கல். நீங்களே எழுதிய எரர் ஹேண்ட்லர் இருந்தால், @ போட்ட இடத்திலும் பிஎச்பி அதைக் கூப்பிடும். அடக்குவதா இல்லையா என்பதை ஹேண்ட்லர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய ஹேண்ட்லர்கள், எரர் ரிப்போர்ட்டிங் பூஜ்யமாக இருந்தால் இது @ போட்ட இடம், ஒதுங்கிவிடு என்று எழுதப்பட்டவை. 8-ல் @-க்குள் அந்த மதிப்பு பூஜ்யம் இல்லை, 4437. மறைக்கக்கூடாத ஃபேட்டல் வகைகளின் பிட்டுகளைக் கூட்டினால் வரும் எண் அது. ஆக பழைய சோதனை பலிக்காது. @ போட்ட இடங்களும் லாக்கில் வந்து விழும். உங்கள் நிரலின் தொடக்கத்தில் அப்படி ஒரு ஹேண்ட்லர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், பூஜ்யமா என்று பார்ப்பதை எடுத்துவிட்டு, வந்திருக்கும் பிழையின் எண் இப்போதைய அளவுக்குள் அடங்குகிறதா என்று பிட் கணக்கில் பாருங்கள். வெள்ளத்தில் ஒரு பங்கு அதோடு வடியும்.

"அப்படியானால் @-ஐ முழுக்க ஒழித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சில இடங்களில் அதுதான் நேர்மையான வழி. பில்களைச் சேமிக்க அந்தந்த மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்குகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், இல்லை என்று தெரிந்ததும் உருவாக்குகிறீர்கள். பார்த்ததற்கும் உருவாக்குவதற்கும் நடுவில், அதே நொடியில் வந்த இன்னொரு ரிக்வெஸ்ட் அதை உருவாக்கிவிடலாம். அப்போது உங்கள் வரி வார்னிங் போடும்; ஆனால் உங்களுக்கு வேண்டிய ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. முன்கூட்டி எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடைவெளி மூடாது, ஏனென்றால் டிஸ்க் உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. எனவே அனுபவசாலிகள் @ போட்டே 'எம்கேடிர்' கூப்பிடுவார்கள். அது 'ஃபால்ஸ்' தந்தால், இப்போதாவது ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போதும் இல்லையென்றால் எக்ஸெப்ஷன் எறிவார்கள். இங்கே @ ஒற்றை ஃபங்ஷனை மட்டும் மூடுகிறது. அதன் விடையை அந்த வரியிலேயே வாங்கிச் சோதிக்கிறார்கள். உண்மையான தோல்விக்கு உரத்த குரல் இருக்கிறது. வேண்டுமானால் 'எரர் கெட் லாஸ்ட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அடக்கிய வார்னிங்கின் வாசகத்தையே எடுத்து எக்ஸெப்ஷனுக்குள் வைக்கலாம். ஃபைலை அழிப்பதற்கும் இதே முறை. உங்கள் முதல் வரியில் @ இருப்பது எனக்குக் குறையில்லை. இரண்டாம் வரிக்குப் போகும் முன் 'ஃபால்ஸ்' வந்ததா என்று பார்க்காததுதான் குறை.

பார்க்காமல் அடக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிஎச்பிக்கு வெளியே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டெபியன் லினக்ஸில் 2006-ல் நடந்தது. ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலை வால்கிரைண்டு போன்ற சோதனைக் கருவிகளில் ஓட்டினால், மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அந்தப் பொதியைப் பராமரித்தவர், எச்சரிக்கைக்குக் காரணமான வரியைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரியான வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஓப்பன் எஸ்எஸ்எல்லை உருவாக்குகிறவர்களிடம் கேட்கவும் கேட்டார். சோதனைக்கு உதவும் என்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதில் வந்தது. இரண்டையும் எடுத்தார். எச்சரிக்கை நின்றது.

அந்த இரண்டில் ஒன்றை எடுத்ததால் நட்டமில்லை. மற்றது, ரகசிய எண்களை உருவாக்கத் தேவையான தற்செயல் தரவு முழுவதையும் கலவைக்குள் சேர்க்கும் வரி. அது போனபின் எண்களை வேறுபடுத்த மிஞ்சியது, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் அடையாள எண் மட்டும். லினக்ஸில் அதன் வழக்கமான உச்சம் 32,768. கோடானுகோடி சாத்தியங்களுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய சாவி, முப்பதாயிரத்துச் சொச்சம் சாவிகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை, ஏறக்குறைய இருபது மாதம் யாருக்கும் தெரியவில்லை. உபுண்டுவும் அதே பொதியைத்தான் எடுத்திருந்தது. சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும், சைட்களின் சான்றிதழ்களையும் உலகம் முழுக்கப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. பழைய சாவிகளை வேறு கம்ப்யூட்டர்களுக்கு எடுத்துப் போயிருந்தவர்களும் தப்பவில்லை.

அந்தப் பராமரிப்பாளரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் எச்சரிக்கையைப் படித்தார், காரண வரியைத் தேடினார், கேட்டார். "இந்த வரி என்ன வேலை செய்கிறது" என்ற கேள்வி மட்டும், "இந்த எச்சரிக்கை எப்படி நிற்கும்" என்ற கேள்விக்குப் பின்னால் போய்விட்டது. நல்ல எண்ணமும் உழைப்பும் உள்ளவருக்கே இது நேரும் என்றால், மாலை ஆறு மணிக்கு அவசரத்தில் போடும் @-ஐப் பற்றி என்ன சொல்ல?

அடுத்தது, எல்லா வார்னிங்கையும் எக்ஸெப்ஷனாக மாற்றிவிட்டால் என்ன என்ற உங்கள் யோசனை. எரர் ஹேண்ட்லருக்குள் 'எரர் எக்ஸெப்ஷன்' எறிந்தால் போதும், சில வரி வேலை. லாராவெல் அப்படித்தான் செய்கிறது. புதிதாக எழுதும் நிரலுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பல வருடமாக வார்னிங்கோடு ஓடிப் பழகிய நிரலில், லைவ் சர்வரில் ஒரே நாளில் இதைச் செய்யாதீர்கள். ஆர்டர் டேட்டாபேஸில் பதிவாகிவிட்டது. அடுத்து மெயில் அனுப்பும் இடத்தில், இதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒரு சில்லறை வார்னிங். அது எக்ஸெப்ஷனாகி நிரல் அங்கேயே நிற்கிறது. இருப்பைக் கழிக்கும் வரி அதற்குப் பிறகு இருக்கிறது. ஆர்டர் உண்டு, இருப்பு குறையவில்லை. டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதப்படாத பழைய நிரலில் இது சகஜம். உங்கள் மெஷினிலும் டெஸ்ட் சர்வரிலும் முதலில் ஏற்றுங்கள். அங்கே உடைவதை எல்லாம் சரிசெய்துகொண்டே வந்து, பிறகு லைவுக்குப் போங்கள்.

எக்ஸெப்ஷன் வந்துவிட்டால் அடக்கும் பழக்கம் போய்விடும் என்றும் எண்ணாதீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத கேட்ச் பிளாக் எத்தனை பார்த்திருப்பீர்கள்! ஜாவா, சில எக்ஸெப்ஷன்களைக் கையாளாமல் கம்பைல் ஆகவே விடாது. அதன் தொல்லை தாங்காமல் வெறும் கேட்ச் எழுதியவர்களுக்குக் கணக்கில்லை. பைத்தானில் எந்த வகை என்று சொல்லாமல் 'எக்செப்ட்' எழுதி, கீழே 'பாஸ்' போட்டால், நிரலை நிறுத்த நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல்-சி-யையும் அது விழுங்கும். 'கோ' மொழியில் எரர் மதிப்பை ஓர் அடிக்கோட்டுக்குள் தள்ளிவிடலாம். வெறும் கேட்ச் பிளாக் @-ஐவிடக் கெட்டது என்பது என் அபிப்பிராயம். 'த்ரோவபிள்' என்று போட்டு எல்லாவற்றையும் பிடித்தால், நீங்கள் தட்டச்சில் தவறவிட்ட ஃபங்ஷன் பெயர்கூட அதற்குள் காணாமல் போகும். @ அதை மறைக்காது.

அடக்குவதை ஒழிக்க முடியாது என்பதை மொழிகளை வடிவமைப்பவர்கள் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. கணக்குப் பேரேட்டில் ஒரு தொகையை அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்வது போல, அடக்கினால் அது தெரியும்படி அடக்கு என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது டைப்ஸ்கிரிப்ட் 3.9-ல், 2020-ல் வந்த வசதி. அடுத்த வரியில் ஒரு பிழை வரும், எனக்குத் தெரியும் என்று எழுதிவைக்கலாம். பின்னாளில் யாராவது அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டால், நீ சொன்ன பிழை இங்கே இல்லையே என்று அதுவே முறையிடும். வேலை முடிந்த அடக்குமுறை நிரலுக்குள் வருடக்கணக்கில் கிடந்து, அடுத்து வரும் வேறொரு பிழையையும் சேர்த்து மறைப்பது இதனால் நிற்கிறது. ரஸ்டில் 2024-ல் வந்த 'எக்ஸ்பெக்ட்' குறிப்பும் இதே வேலையைச் செய்கிறது. பிஎச்பி 8.5-லும் ஒரு நல்ல வரவு. இந்த ஃபங்ஷன் தரும் விடையை யாரும் வாங்காமல் விடக்கூடாது என்று அதை எழுதுகிறவர் குறித்துவைக்கலாம், வாங்காவிட்டால் வார்னிங் வரும். தெரிந்தேதான் விடுகிறேன் என்றால் அதையும் 'வாய்டு' என்று எழுதிக் காட்ட வேண்டும்.

உங்கள் நிரலுக்கு உடனே பயன்படக்கூடியது பிஎச்பிஸ்டான். நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் கருவி. பழைய நிரலில் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் பட்டியல் போடும், பயப்படாதீர்கள். 'பேஸ்லைன்' என்று ஒரு வசதி உண்டு. இன்றைக்கு இருக்கும் பிழைகளை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவைத்துக்கொண்டு, இனி புதிதாக வருவதை மட்டும் சொல்லும். பழையதில் ஒன்று சரியாகிவிட்டால், பட்டியலிலிருந்து அதை எடு என்றும் சொல்லும். இதுவும் அடக்குவதுதான். ஆனால் எத்தனை, எங்கே என்று எழுதி வைத்த அடக்கம். பட்டியல் வாரம் ஒருமுறை சிறுக்கிறதா என்று உங்கள் சீனியரே பார்க்கலாம்.

டெப்ரிகேட்டட் என்று வரும் செய்திகளைத் தனியாகப் பிரியுங்கள். 8.1 முதல், ட்ரிம் போன்ற ஃபங்ஷன்களுக்கு 'நல்' கொடுத்தால் அப்படி ஒன்று வரும். இன்றைக்கு ஓடும், பின்னொரு வெர்ஷனில் ஓடாது என்று அதற்குப் பொருள். அவசரமில்லை. தனி லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, வார்னிங் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். டிக்ளேர் செய்யாத வேரியபிள் மட்டும் அப்படி இல்லை: பிஎச்பி 9-ல் அது எக்ஸெப்ஷனாகிவிடும் என்று 2022-லேயே வாக்கெடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். இன்று மூடிவைத்தால் அன்று சைட் நிற்கும்.

வேலையை எங்கே தொடங்குவது? லாக்கில் ஒரே ஃபைல், ஒரே வரி எண் கொண்டவற்றைச் சேர்த்து எண்ணுங்கள். ஆயிரம் வார்னிங் போலத் தெரிவது பெரும்பாலும் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். ஒரு லூப்புக்குள் இருக்கும் ஒற்றை வரிதான் பாதியைக் கொட்டிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையை வைத்து முன்னுரிமை கொடுக்காதீர்கள். பில், வரி, இருப்பு ஆகிய மூன்றையும் தொடும் ஃபைல்களை முதலில் எடுங்கள், அங்கே ஒரே ஒரு வார்னிங் இருந்தாலும். ரிப்போர்ட் பக்கத்தின் தலைப்பு நிறம் பற்றிய இருநூறு வார்னிங் காத்திருக்கட்டும்.

சரிசெய்யும்போது ஒன்றில் கவனம் வேண்டும். இல்லாத அர்ரே கீக்கு எல்லோரும் கைகாட்டும் வழி, பிஎச்பி 7-ல் வந்த இரட்டைக் கேள்விக்குறி. இடப்பக்கம் இல்லையென்றால் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும், வார்னிங் வராது. தேடல் பக்கத்தில் பக்க எண் வரவில்லையென்றால் 1 என்று வைப்பது சரியான விடை. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதும் முதல் பக்கத்தைத்தான். அதே கையோடு, விலை வரவில்லையென்றால் 0 என்று வைத்தால், @ போட்டு நடந்ததை இப்போது நாகரிகமான குறியில் செய்கிறோம். பிஎச்பிஸ்டானும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. விலை இல்லாத பொருளை விற்க முடியாது. அந்த இடத்தில் நிரல் நிற்கத்தான் வேண்டும், எந்தப் பொருளுக்கு விலை இல்லை என்று சொல்லிவிட்டு. பில்லிங் ஃபோல்டரில் இரட்டைக் கேள்விக்குறிக்குப் பின்னால் பூஜ்யம் வரும் இடங்களை எல்லாம் இன்றே தேடிப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அந்தப் பூஜ்யம் கடைக்காரர் சொன்ன விடையா, நிரல் எழுதியவர் வார்னிங்குக்குப் பயந்து வைத்ததா என்று குறியுங்கள். எதற்கு விடை தெரியவில்லையோ அதைக் கடைக்காரரிடமே கேளுங்கள். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்